முன்னாள் படைவீரருக்கான அரசு சேவைகள்: வீட்டில் ஒருவர் பொறுப்பெடுத்து எல்லாவற்றையும் ஒருங்கிணைப்பது எப்படி?

அப்பாவின் காரியம் முடிந்த மறுநாள் பரணில் இருந்த கறுப்பு ட்ரங்குப் பெட்டியை இறக்கினோம். மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில் அவருடைய ஆர்மி நம்பரும் பெயரும். உள்ளே, பிளாஸ்டிக் உறையில், பணி முடிந்து வரும்போது பட்டாளம் தந்த டிஸ்சார்ஜ் புத்தகம். அதில் அம்மாவின் பெயர் ‘ராஜம்மா’ என்று இருந்தது. ஆதாரில் ‘ராஜம்மாள்’, வாக்காளர் அட்டையில் ‘ராசம்மாள்’. பிறந்த தேதி மூன்றிலும் மூன்று விதம். அந்த ஒரு ‘ள்’ சரியாகி, குடும்ப பென்ஷன் அம்மா கைக்கு வர பதினொரு மாதம் பிடித்தது. அப்பா இருந்தபோதே ஒரு மனு கொடுத்திருந்தால் முடிந்திருக்கும் வேலை அது.

அதற்கப்புறம் எங்கள் பக்கத்துப் பட்டாளத்துக் குடும்பங்கள் சிலவற்றோடு அலுவலகங்களுக்குப் போய் வந்திருக்கிறேன். பார்த்தவரையில், பணமோ சிகிச்சையோ இல்லாமல் அவதிப்படும் குடும்பங்களில் பலவற்றுக்குத் திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. பென்ஷன் ஒரு இடம், மருத்துவம் ஒரு இடம், உதவித்தொகை வேறொரு இடம் என்று அது சிதறிக் கிடக்கிறது. ஓர் அலுவலகத்தில் கொடுத்த தகவல் இன்னொன்றுக்குத் தானாகப் போய்ச் சேராது. அந்த இணைப்பு வேலையை வீட்டில் யாராவது ஒருவர் எடுத்துக்கொள்ள வேண்டும். மகனோ மகளோ மருமகளோ, யாராக இருந்தாலும் சரி. இந்த வழிகாட்டி அவருக்காக.

முதலில்: எந்த வேலைக்கு எந்தக் கதவு

இது தெரியாமல்தான் பாதி அலைச்சல் நடக்கிறது. பென்ஷன் நின்றுபோனால் கலெக்டர் ஆபீஸுக்குப் போவார்கள், பிள்ளை படிப்புக்கு பேங்க் மேனேஜரைக் கேட்பார்கள்.

எல்லாவற்றுக்கும் வேர், ரெக்கார்டு ஆபீஸ். சேர்ந்த நாள், பதவி உயர்வு, திருமணம், பிள்ளைகள் பிறந்தது என்று ஒரு வீரரின் முழு வரலாறும் அங்கே இருக்கிறது. இது ரெஜிமென்ட்டுக்கு ரெஜிமென்ட் மாறும். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு நீலகிரி வெலிங்டன், எம்.இ.ஜி. எனும் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்புக்கு பெங்களூரு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், ஆர்ட்டிலரிக்கு நாசிக் ரோடு, இயந்திர, மின்னணுப் பராமரிப்புப் பிரிவான இ.எம்.இ.க்கு செகந்திராபாத், மெடிக்கல் கோருக்கு லக்னோ. கடற்படை மாலுமிகளுக்கு மும்பை மான்குர்டில், விமானப்படையினருக்கு டெல்லி சுப்ரதோ பார்க்கில்.

தரைப்படையினரின் பென்ஷனை அனுமதிப்பது பிரயாக்ராஜில் (பழைய அலகாபாத்) இருக்கும் பி.சி.டி.ஏ. பென்ஷன்ஸ் எனும் பாதுகாப்புத் துறைக் கணக்கு அலுவலகம். அதன் இணைய முறைதான் ஸ்பர்ஷ். முன்பு வங்கியும், டி.பி.டி.ஓ. எனும் பாதுகாப்புத் துறை பென்ஷன் பட்டுவாடா அலுவலகங்களும் பட்டுவாடா செய்த பென்ஷன் இப்போது ஸ்பர்ஷ் வழியாக நேராக வங்கிக் கணக்குக்கு வருகிறது. மருத்துவத்துக்கு இ.சி.எச்.எஸ். எனும் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்; 2003 ஏப்ரல் 1 முதல் நடக்கிறது.

இந்த எல்லாவற்றோடும் நமக்காகப் பேசக்கூடிய உள்ளூர் கதவு, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். பழைய ஆட்கள் சைனிக் போர்டு என்பார்கள். தமிழ்நாட்டில் உதவி இயக்குநர் ஒருவர் தலைமையில் இயங்குகிறது. அங்கே இருக்கும் நல அமைப்பாளர்களில் பலர் தாங்களே பட்டாளத்தில் இருந்து வந்தவர்கள். ரெக்கார்டு ஆபீஸுக்கு நாம் எழுதும் கடிதத்தைவிட, அவர்கள் பரிந்துரைத்து அனுப்பும் கடிதத்துக்கு எடை கூடுதல்.

இரண்டாவது: ஒரு கோப்பு போடுங்கள்

டிஸ்சார்ஜ் புத்தகம், பி.பி.ஓ. எனப்படும் பென்ஷன் ஆணை, அதற்குப் பின்னால் வந்த திருத்த ஆணைகள் அத்தனையும், இ.சி.எச்.எஸ். கார்டு, கேன்டீன் கார்டு, முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, கணவன் மனைவி ஆதார், பான், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்று. மருத்துவக் காரணத்தால் வெளியே வந்தவர் என்றால் மெடிக்கல் போர்டு நடவடிக்கைத் தாள்கள். பதக்கச் சான்றுகள் இருந்தால் அவையும்.

டிஸ்சார்ஜ் புத்தகத்தை எல்லாப் பக்கமும் ஸ்கேன் எடுத்து வையுங்கள், வெற்றுப் பக்கங்கள் உள்பட. அசலை எந்த அலுவலகத்திலும் விட்டுவிட்டு வராதீர்கள். காட்டுங்கள், நகல் கொடுங்கள், திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். பழைய புத்தகங்களில் மை மங்கி, மடிப்பில் கிழிந்து, நம்பரே தெரியாமல் போயிருக்கும். தொலைந்துபோயிருந்தால் காவல்நிலையத்தில் புகார் பதிந்து, நல அலுவலகம் மூலமாக ரெக்கார்டு ஆபீஸிடம் மாற்றுச் சான்று கேட்கலாம்.

கோப்பின் முதல் தாளில் ஆர்மி நம்பர், ரேங்க், சேர்ந்த தேதி, வெளிவந்த தேதி, பி.பி.ஓ. எண் ஐந்தையும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். எந்தப் படிவமானாலும் முதலில் கேட்பது இவற்றைத்தான்.

மூன்றாவது: பெயரும் பிறந்த தேதியும். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்

நான் நேரம் எடுத்துச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

நம் ஊரில் தகப்பன் பெயர் இனிஷியலாக வரும். பட்டாளத்தில் எழுதியவருக்கு அது புரியாது. சிலருக்கு இனிஷியல் விரிந்து ஊர்ப் பெயரோ தகப்பன் பெயரோ முன்னால் சேர்ந்திருக்கும், சிலருக்கு இனிஷியலே இருக்காது. ‘முத்துகிருஷ்ணன்’ இரண்டாகப் பிரிந்திருக்கும். மனைவியின் பெயரில் ‘அம்மாள்’ ‘அம்மா’ ஆகியிருக்கும். கையால் எழுதிய காலத்தில் இது யாரையும் தடுக்கவில்லை. இப்போது கணினி ஆதாரோடு ஒப்பிடுகிறது. ஓர் எழுத்து மாறினாலும் நிறுத்திவிடும்.

ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கட்டம் போடுங்கள். இடப்பக்கம் ஆவணங்களின் பெயர்கள், மேலே கணவர் பெயர், பிறந்த தேதி, மனைவி பெயர், அவருடைய பிறந்த தேதி, ஒவ்வொரு பிள்ளை. ஒவ்வொரு ஆவணத்திலும் எப்படி இருக்கிறதோ அப்படியே, எழுத்துக்கு எழுத்து, புள்ளி உட்பட நிரப்புங்கள். ஒரு மணி நேர வேலை. முடித்ததும் எங்கே வேறுபாடு என்று கண்ணுக்கே தெரியும்.

எதை எதற்கு ஏற்ப மாற்றுவது? ஆதாரிலோ வங்கியிலோ சின்ன எழுத்துப் பிழை என்றால், பட்டாளத்து ஆவணத்துக்கு ஒத்தபடி ஆதாரை மாற்றுவதே சுலபம். பட்டாளத்து ஆவணத்தில் பெயரே தவறு, அல்லது மனைவியின் பிறந்த தேதியே பதியவில்லை என்றால் ரெக்கார்டு ஆபீஸுக்குத்தான் போக வேண்டும். உறுதிமொழிப் பத்திரம், ஆதார், பான், பள்ளிச் சான்றோ பிறப்புச் சான்றோ இருந்தால் அது, எல்லாவற்றையும் சேர்த்து நல அலுவலகத்தின் பரிந்துரையோடு அனுப்புங்கள். ஏற்றுக்கொண்டால் திருத்த பி.பி.ஓ. வரும். அது வரும்வரை ஆதாரில் கை வைக்காதீர்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மாற்றப்போய், பழைய வேறுபாடு அப்படியே எதிர்த்திசையில் உண்டான வீடு ஒன்றை நான் பார்த்திருக்கிறேன்.

மனைவியின் பிறந்த தேதி ஏன் இவ்வளவு முக்கியம்? 80 வயது முடிந்ததும் அடிப்படை பென்ஷனில் 20 சதவீதம் கூடுதலாக வரும். 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, 100 வயதில் இரு மடங்கு. குடும்ப பென்ஷனுக்கும் இதே கணக்குதான். தேதி பதியாத பாட்டிக்கு 80 ஆனது அந்தக் கணினிக்குத் தெரியாது.

டிஸ்சார்ஜ் ஆன பிறகு நடந்த திருமணம், பிறந்த குழந்தை, மணவிலக்கு, மறுமணம் எல்லாவற்றையும் ரெக்கார்டு ஆபீஸில் பதிய வேண்டும். வாழ்நாள் முழுக்கத் துணை தேவைப்படும் மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருந்தால், பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே மருத்துவச் சான்றோடு பெயரைச் சேர்த்துவிடுங்கள். அந்தப் பிள்ளைக்கு ஆயுள் முழுக்கக் குடும்ப பென்ஷன் பெறும் உரிமை உண்டு. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அந்தப் பிள்ளைக்காக யார் அலைவார்கள்?

நான்காவது: நல அலுவலகத்தில் பதிவு

டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு போய்ப் பதிந்து அடையாள அட்டை வாங்குங்கள். பதிவு இல்லாமல் நலத்திட்டம் எதுவும் நகராது. வேறு மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்தால் பதிவையும் மாற்றிக்கொள்ளுங்கள். வேலைவாய்ப்புப் பதிவும் இங்கேயே உண்டு. பிள்ளைகள் கல்லூரி சேர்க்கையில் முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டுக்குக் கேட்கும் சார்ந்தோர் சான்றையும் இங்கேதான் தருவார்கள். கலந்தாய்வு தொடங்கிய பிறகு ஓடாமல், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு போங்கள்.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் முன்னாள் படைவீரர்களுக்கென்றே சிறப்புக் குறைதீர் கூட்டம் நடக்கும். பட்டா, பாதை, நிலத்தகராறு போன்ற விஷயங்களுக்கு அது நல்ல இடம். தேதியை நல அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது: ஸ்பர்ஷ்

கணக்குக்குள் நுழைந்ததும் முதலில் பார்க்க வேண்டியது மொபைல் எண். பேரன் மாற்றிவிட்டுப் போன பழைய சிம் எண் அங்கே இருந்தால் ஓ.டி.பி. யாருக்கோ போகும். அப்புறம் ரேங்க், குரூப் (சம்பளப் பிரிவு), சேவைக் காலம் மூன்றையும் டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். ‘ஒரே பதவி, ஒரே பென்ஷன்’ எனும் ஓ.ஆர்.ஓ.பி. திட்டத்தின் அட்டவணை இந்த மூன்றை வைத்துத்தான் இயங்குகிறது. 2014 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த அந்தத் திட்டத்தில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பென்ஷன் திருத்தப்படும். கடைசியாக 2024 ஜூலை 1-ஐக் கணக்குத் தேதியாக வைத்துத் திருத்தினார்கள். சேவைக் காலத்தில் ஒரு வருடம் குறைத்துப் பதிந்திருந்தால் மாதாமாதம் நஷ்டம்.

பென்ஷனில் ஒரு பகுதியை மொத்தமாக வாங்கியவர்களுக்கு, அந்தப் பிடித்தம் 15 ஆண்டு கழித்து நிற்க வேண்டும். அந்த மாதத்தை நாள்காட்டியில் குறித்து வைத்து, நின்றதா என்று பாருங்கள்.

உயிர்வாழ்வுச் சான்று வருடத்துக்கு ஒருமுறை. ஸ்பர்ஷ் பக்கத்திலேயே எந்தத் தேதிவரை செல்லும் என்று காட்டும். வீட்டிலிருந்தே அரசின் ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டிக் கொடுக்கலாம். அனுமதித்த அலுவலகம், பட்டுவாடா செய்யும் அலுவலகம் இரண்டையும் தேர்வு செய்யும் இடத்தில் கவனம் வேண்டும். தரைப்படையினருக்கு, அனுமதித்தது பாதுகாப்புத் துறை பி.சி.டி.ஏ. அலகாபாத், பட்டுவாடா ஸ்பர்ஷ் பி.சி.டி.ஏ. அலகாபாத் என்று இருக்க வேண்டும். பழக்கதோஷத்தில் பழைய வங்கியைத் தேர்ந்தெடுத்தால் சான்று வேறெங்கோ போய்விடும், பென்ஷன் நிற்கும். இணையம் கைவரவில்லை என்றால் பொதுச் சேவை மையங்களிலும் டி.பி.டி.ஓ. அலுவலகங்களிலும் உதவி கிடைக்கும். தெரியாதவர்களிடம் மட்டும் பாஸ்வேர்டையும் ஓ.டி.பி.யையும் கொடுத்துவிடாதீர்கள். பென்ஷன் அலுவலகத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி வயதானவர்களைக் குறிவைப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆறாவது: மருத்துவம்

இ.சி.எச்.எஸ். பெரும்பாலும் பென்ஷன் வாங்குபவர்களுக்கானது. மனைவி, சார்ந்திருக்கும் பிள்ளைகள், சார்ந்திருக்கும் பெற்றோர் எல்லோரும் சேரலாம். மகனுக்கு 25 வயதோ, வேலையோ, திருமணமோ, எது முதலில் வருகிறதோ அதுவரை; மகளுக்கு வேலையோ திருமணமோ ஆகும்வரை. பெற்றோரின் வருமானம் மாதம் 9,000 ரூபாயும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகைக்குக் கீழே இருக்க வேண்டும். தகுதி போனவர்களின் கார்டை நாமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பின்னால் தெரியவந்தால் சிகிச்சைச் செலவைத் திருப்பிக் கேட்பார்கள்.

வழக்கமான வரிசை: இ.சி.எச்.எஸ்.ஸின் சொந்த பாலி கிளினிக், அங்கே டாக்டர் எழுதும் பரிந்துரை, அப்புறம் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனை. அவசரத்துக்கு இந்த வரிசை வேண்டாம். பட்டியலில் உள்ள மருத்துவமனைக்குக் கார்டோடு நேரே போகலாம். பட்டியலில் இல்லாத இடத்தில் சேர்க்க வேண்டி வந்தால், 48 மணி நேரத்துக்குள் பக்கத்துப் பாலி கிளினிக்குக்குத் தகவல் கொடுக்க வேண்டும். பின்னால் பில் கொடுத்துப் பணம் கேட்கும்போது இந்தத் தகவல்தான் முதல் கேள்வி. நெஞ்சுவலி வந்த ராத்திரியில் எண் தேட முடியாது. பாலி கிளினிக் எண்ணையும், வீட்டுக்குப் பக்கத்தில் எந்த மருத்துவமனை பட்டியலில் இருக்கிறது என்பதையும் எழுதி, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள்.

கை கால் இழந்தவர்களுக்குப் புனேயில் செயற்கை உறுப்பு மையம் இருக்கிறது. கிர்க்கியில் உள்ள குயின் மேரீஸ் தொழிற்பயிற்சி நிலையம் 1917 முதல் காயம்பட்ட வீரர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கிறது.

இன்னொன்று, வெளியே பேசப்படாதது. தூக்கத்தில் கத்துவது, கூட்டத்துக்குப் போகாமல் ஒதுங்குவது, குடி கூடிக்கொண்டே போவது. ‘மிலிட்டரிக்காரர் அப்படித்தான்’ என்று வீட்டில் விட்டுவிடுகிறோம். அது சிகிச்சை இருக்கும் நோய். பாலி கிளினிக்கில் சொல்லி மனநல மருத்துவரிடம் பரிந்துரை வாங்கலாம். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

ஏழாவது: உதவித்தொகைகள். யாருக்கு எது

இங்கே முதலில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்: பென்ஷன் உண்டா, இல்லையா? சிப்பாயாகச் சேர்ந்தவருக்குப் பென்ஷன் கிடைக்கப் பொதுவாக 15 ஆண்டு சேவை வேண்டும். அதற்கு முன் வந்துவிட்டவர்கள் தங்களுக்கு எதுவுமே இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது தவறு. பென்ஷன் இல்லாத, 65 வயது தாண்டிய, வறுமையில் இருக்கும் முன்னாள் படைவீரருக்கும், அவர் இறந்திருந்தால் அவருடைய மனைவிக்கும் மத்திய சைனிக் போர்டு வழியாக மாத உதவி உண்டு. 4,000 ரூபாயாக இருந்ததை 2025 நவம்பரிலிருந்து 8,000 ஆக்கினார்கள். ஊரில் இப்படி ஒரு தாத்தா இருந்தால் தயவுசெய்து அவரை நல அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஹவில்தார் பதவிவரை இருந்தவர்களுக்கு, இரண்டு பிள்ளைகள்வரை பள்ளி முதல் பட்டப்படிப்புவரை கல்வி உதவி மாதம் 2,000 ரூபாய். இரண்டு மகள்கள்வரை திருமண உதவி ஒரு லட்சம். தொழிற்படிப்பில் சேரும் பிள்ளைகளுக்குப் பிரதமரின் கல்வி உதவித்தொகை: பெண்களுக்கு மாதம் 3,000, ஆண்களுக்கு 2,500, தகுதித் தேர்வில் 60 சதவீதம் வேண்டும், அதிகாரிகள் அல்லாத பதவியில் இருந்தவர்களின் பிள்ளைகளுக்கு. எல்லாமே மத்திய சைனிக் போர்டின் இணையதளத்தில் விண்ணப்பிப்பது. மாவட்ட அலுவலகம் சரிபார்த்துப் பரிந்துரைத்தால்தான் மேலே போகும், கடைசித் தேதி தாண்டினால் அடுத்த ஆண்டுதான்.

தொழில் தொடங்க நினைப்பவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டம் இருக்கிறது. ஒரு கோடி ரூபாய்வரை வங்கிக் கடன், 30 சதவீத மூலதன மானியம், வட்டியில் 3 சதவீத மானியம். வேலைக்குப் போக விரும்புபவர்களுக்கு மத்திய அரசின் குரூப் சி பணிகளில் 10 சதவீதமும், பொதுத்துறை நிறுவனங்களிலும் வங்கிகளிலும் அதே நிலைப் பணிகளில் 14.5 சதவீதமும் ஒதுக்கீடு உண்டு.

எட்டாவது: உடல் ஊனப் பென்ஷன்

பட்டாளத்தில் வந்த நோய்க்கோ காயத்துக்கோ பென்ஷன் மறுக்கப்பட்டிருந்தால், மறுப்புக் கடிதத்தில் ‘பணியால் ஏற்பட்டதும் அல்ல, பணியால் கூடியதும் அல்ல’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியோடு பலர் விட்டுவிட்டார்கள். மேல்முறையீடு செய்யலாம், அதிலும் மறுத்தால் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் அமர்வு இருக்கிறது. சேரும்போது நல்ல உடல்நிலையில் இருந்தார் என்ற பதிவும், மெடிக்கல் போர்டு தாள்களும்தான் இந்த வழக்கின் உயிர். விதிகள் 2023 செப்டம்பரில் மாறியிருப்பதால், எந்தத் தேதியில் வெளியே வந்தார் என்பதை வக்கீலிடம் முதலிலேயே சொல்லுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் கேளுங்கள். சைனிக் போர்டுகளிலேயே சட்ட உதவி தரும் திட்டத்தை 2025-ல் தொடங்கியிருக்கிறார்கள்.

ஒன்பதாவது: அவர் இறந்துவிட்டால்

அழுதுகொண்டே செய்ய வேண்டிய வேலை இது. அதனால் வரிசையாகச் சொல்கிறேன்.

இறப்புச் சான்றில் பெயரும் இனிஷியலும் பி.பி.ஓ.வில் இருப்பதுபோல வர வேண்டும். பதிவு செய்யும்போதே பி.பி.ஓ. நகலை எடுத்துப் போய்க் காட்டுங்கள், பின்னால் திருத்துவது சிரமம். பத்து நகலாவது எடுத்து வையுங்கள். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள்.

ஸ்பர்ஷில் இறப்பைத் தெரிவியுங்கள். இறந்த பிறகு கணக்கில் விழும் பென்ஷனை எடுக்காதீர்கள். சடங்குச் செலவுக்கு என்று எடுத்துவிட்டால் பிறகு அம்மாவின் பென்ஷனில்தான் பிடிப்பார்கள். குடும்ப பென்ஷன் பொதுவாகக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், குறைந்தது 9,000 ரூபாயும் அகவிலைப்படியும். 67 வயதுக்கு முன்பே இறந்திருந்தால், ஏழு ஆண்டுகள் அல்லது அவருக்கு 67 ஆகியிருக்கும் நாள், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை 50 சதவீதம். பணியால் ஏற்பட்ட காரணத்தால் இறந்திருந்தால் 60 சதவீத சிறப்புக் குடும்ப பென்ஷனுக்கு உரிமை இருக்கிறதா என்று கேளுங்கள்.

அப்புறம் ரெக்கார்டு ஆபீஸுக்குக் கடிதம். ஆர்மி குரூப் இன்ஷூரன்ஸில் ஓய்வுக்குப் பிறகும் தொடரும் காப்பீடு இருக்கிறது; அவர் அதில் இருந்தாரா, காலம் முடிந்ததா என்று அதே கடிதத்தில் கேளுங்கள். வங்கியில் பாதுகாப்புத் துறை பென்ஷன் கணக்கு என்றால் விபத்துக் காப்பீடு சேர்ந்திருக்கும், அதையும் கேளுங்கள். நல அலுவலகத்தில் அம்மாவுக்குக் கைம்பெண் அடையாள அட்டையும் ஈமச்சடங்கு உதவியும். இ.சி.எச்.எஸ். கார்டை அம்மா பெயரில் முதன்மையாக மாற்றுவது, கேன்டீன் கார்டு மாற்றுவது இவற்றை அடுத்த மாதம் பார்க்கலாம். முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பத்தாவது: நகராமல் நின்றால்

வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள் இருக்கும் ஊர்களில், இதையெல்லாம் கேட்கத் திண்ணையிலேயே ஆள் கிடைப்பார். மற்ற ஊர்களில் காகிதம்தான் துணை.

வாயால் சொன்ன எதுவும் பதிவாகாது. மனுவை இரண்டு பிரதியாக எழுதி, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தூரத்து அலுவலகத்துக்கு ஸ்பீடு போஸ்ட், ரசீதை மனு நகலோடு குத்திவையுங்கள். ஒரு மனுவில் ஒரே கோரிக்கை. பெயர்த் திருத்தமும் நிலுவையும் ஒரே கடிதத்தில் கேட்டால் இரண்டு பிரிவுக்கு நடுவில் அது கிடந்துவிடும்.

முப்பது நாளில் பதில் இல்லையா, ஸ்பர்ஷிலேயே புகார் பதிந்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் பாதுகாப்பு அமைச்சகத்தின் ரக்ஷா பென்ஷன் குறைதீர் தளம் இருக்கிறது. பென்ஷன் அதாலத் எனும் குறைதீர் அமர்வோ ஸ்பர்ஷ் முகாமோ மாவட்டத்துக்கு வரும்போது கோப்போடு நேரில் போங்கள்; மாதக்கணக்கில் நின்ற விஷயம் அங்கே மேஜையிலேயே முடிந்ததைப் பார்த்திருக்கிறேன். கடிதம் எந்த மேஜையில் இருக்கிறது என்றே தெரியவில்லை என்றால், பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ரெக்கார்டு ஆபீஸிடம் கேளுங்கள்: இந்தத் தேதியிட்ட என் மனு எந்தத் தேதியில் கிடைத்தது, அதன்மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது, திருத்த ஆணை அனுப்பப்பட்டிருந்தால் அதன் எண் என்ன. அம்மாவின் ‘ள்’ கடைசியில் நகர்ந்தது இந்த மூன்று கேள்விகளால்தான்.